ஓவிய அறைக்கு டியூப்லைட் தேர்ந்தெடுப்பது எப்படி?

மாலை ஆறு மணிக்கு மேல் வரைகிற ஒருவருக்கு அறையின் விளக்கும் ஒரு வண்ணம்தான். தட்டில் கலக்கும் ஒவ்வொரு நிறத்தோடும் அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கலந்துவிடுகிறது. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவில் மட்டுமே தூரிகையை எடுக்க வாய்ப்பவர்கள் நம்மிடையே ஏராளம். கேன்வாஸுக்கும் வண்ணங்களுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கும் அவர்கள், அறையில் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் டியூப்லைட்டைப் பற்றி யோசிப்பதே இல்லை. இரவில் சரியாகத் தெரிந்த முகம் மறுநாள் காலை வெளிச்சத்தில் சிவந்து தெரியும்போதும் தங்கள் கண்ணையோ கைப்பழக்கத்தையோதான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் குறை விளக்கில்தான் இருக்கிறது. ஒருமுறை சரியாகத் தேர்ந்து மாட்டிவிட்டால் பல ஆண்டுகளுக்கு அந்தக் கவலை இல்லை.

புதிதாக ஓவிய அறை அமைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு குடியிருப்பில் 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட அறை ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். அறை பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் கணக்கு மாறுமே தவிர முறை மாறாது.

முதல் படி: குழலின் முனையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள்

மின்சாதனக் கடையில் டியூப்லைட் கேட்டால் எத்தனை அடி, எத்தனை வாட் என்றுதான் கேட்பார்கள். அட்டைப்பெட்டியில் 'கூல் டேலைட்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். பகல் வெளிச்சம் என்று பொருள்படும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஓவியத்துக்கு இதுவே ஏற்றது என்று வாங்கி வந்துவிடுகிறோம். ஆனால் அது விளக்கின் வெண்மை நீலச் சாயலா மஞ்சள் சாயலா என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த வெண்மைக்குள் எல்லா நிறங்களும் போதிய அளவில் இருக்கின்றனவா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அதைச் சொல்வது குழலின் ஒரு முனையில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்க எண். 36 வாட் என்பதை அடுத்து ஒரு சாய்கோடும், அதற்குப் பின் 765, 865, 840, 950, 965 என்பவற்றில் ஏதாவது ஒன்றும் இருக்கும். முதல் இலக்கம் விளக்கின் நிறக்காட்சித் தரத்தை, அதாவது நிறங்களை அது எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைக் குறிக்கிறது. கடைக்காரர்கள் இதைச் சி.ஆர்.ஐ. என்பார்கள். 7 என்றால் நூற்றுக்கு எழுபதுகளில், 8 என்றால் எண்பதுகளில், 9 என்றால் தொண்ணூறும் அதற்கு மேலும். அடுத்த இரண்டு இலக்கங்கள் நிறவெப்பநிலை, அதாவது வெண்மையின் சாயல்; அவற்றோடு இரண்டு சுழியங்களைச் சேர்த்துக் கெல்வின் என்று படித்துக்கொள்ள வேண்டும். கெல்வின் கூடக் கூட நீலச் சாயல் கூடும், குறையக் குறைய மஞ்சள் சாயல். ஆக 865 என்பது எண்பதுகளில் நிறக்காட்சித் தரமும் 6500 கெல்வின் வெண்மையும் கொண்ட குழல். சில குழல்களில் 54 என்ற பழைய குறி இருக்கும். அது 765 வகையே. நம் வீடுகளிலும் ரயில் நிலையங்களிலும் பல காலம் எரிந்தவை பெரும்பாலும் அந்த வகைதான்.

ஓவிய அறைக்கு முதல் இலக்கம் 9 ஆக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். வாட் குறைந்தால் இன்னொரு குழல் மாட்டிச் சமாளிக்கலாம், நிறவெப்பநிலை சற்று மாறினால் கண் பழகிக்கொள்ளும். ஆனால் விளக்கின் ஒளியில் இல்லாத நிறத்தை எத்தனை குழல் மாட்டினாலும் வரவழைக்க முடியாது.

ஏன் இப்படி என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. குழலுக்குள் இருக்கும் சிறிதளவு பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்தான் பெருமளவில் பிறக்கிறது. கண்ணாடியின் உட்புறம் பூசப்பட்டுள்ள வெள்ளைத் தூள் அக்கதிரை உள்வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றி வெளிவிடுகிறது. எனவே விளக்கின் தரம் என்பது அந்தத் தூளின் தரம்தான். 7 வரிசைக் குழல்களில் ஹாலோபாஸ்பேட் என்னும் பழைய வகைத் தூள் இருக்கிறது. அதன் ஒளியில் சிவப்பு மிகக் குறைவு. 8 வரிசையில் நீலம், பச்சை, சிவப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியாக மூன்று தூள்களைக் கலந்து பூசுகிறார்கள். பச்சை 545 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியும் சிவப்பு 611 நானோமீட்டரை ஒட்டியும் குறுகிய கீற்றுகளாக எழும், இடையில் பள்ளங்கள் இருக்கும். நல்ல வெளிச்சம் தரும் குழல்கள்தான் அவை, படிப்பதற்கும் சமைப்பதற்கும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வண்ணத்தூள் ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பள்ளத்தில் வந்து விழும் வண்ணம் மங்கும், கீற்றின் மேல் விழும் வண்ணம் அளவுக்கு மீறி ஒளிரும். 9 வரிசையில் மேலும் சில தூள்களைச் சேர்த்து அந்தப் பள்ளங்களைப் பெருமளவு நிரப்பிவிடுகிறார்கள்.

முகம் வரைபவர்களுக்கு இதன் விளைவு உடனே தெரியும். சிவப்பு குறைந்த விளக்கின் கீழ் தோலின் நிறம் சற்றுப் பச்சை பாய்ந்து உயிரற்றுத் தெரிகிறது. அதை ஈடுகட்ட நம்மை அறியாமலேயே காட்மியம் சிவப்பையோ அலிசரின் கிரிம்சனையோ கூடுதலாகச் சேர்க்கிறோம். படம் பகல் வெளிச்சத்துக்கு வந்ததும் அந்தக் கூடுதல் சிவப்பு முழுதாக வெளியே வந்து நிற்கிறது. ஓவியர் செய்தது அனைத்தும் சரி, அவர் பார்த்த ஒளிதான் தவறு.

நிறக்காட்சித் தரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. சி.ஆர்.ஐ. என்ற பொது எண் எட்டு மென்மையான நிறங்களை வைத்துக் கணக்கிட்ட சராசரி. அடர்ந்த சிவப்பு ஒன்பதாவது மாதிரி, அது இந்தச் சராசரியில் சேராது. எனவே எண்பதுகளில் தரம் கொண்ட விளக்கு கூட அடர்ந்த சிவப்பில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றிருக்கலாம். தயாரிப்பாளரின் தரவுத்தாளில் ஆர்9 என்ற எண் தனியாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் பாருங்கள். சிவப்பும் காவியும் பழுப்பும் மிகுதியாகப் புழங்குகிற ஓவியர்களுக்குப் பொது எண்ணைவிட அதுவே முக்கியம். அட்டையில் 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்று மட்டும் போட்டிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு வரையறுத்த அளவு எதுவும் கிடையாது.

இரண்டாம் படி: 950-ஆ, 965-ஆ?

இரவில் மட்டுமே வரைபவர்கள் 950 வாங்கலாம் என்பது என் கருத்து. 5000 கெல்வின் ஒளி நடுநிலையான வெண்மை. மிகவும் நீலமும் இல்லை, வீட்டு மின்குமிழ்போல் மஞ்சளும் இல்லை. அச்சுத்துறையிலும் புகைப்படத்துறையிலும் நிறம் சரிபார்ப்பதற்கு உலக அளவில் ஏற்கப்பட்டுள்ள தரமும் இந்த 5000 கெல்வின் பகலொளியே. உங்கள் படத்தைப் புகைப்படம் எடுத்து அச்சிடும் எண்ணம் இருந்தால் அதுவும் ஒரு வசதி.

பகலில் சன்னல் வெளிச்சத்தில் தொடங்கிய படத்தை மாலையில் விளக்குப் போட்டுத் தொடர்பவர்களுக்கு 965 பொருந்தும். நேரடி வெயில் படாத சன்னல் வழியே வருவது வானத்தின் ஒளி; அது 6500 கெல்வினும் அதற்கு மேலுமாக நீலம் கலந்தே இருக்கும். அந்த ஒளியோடு 5000 கெல்வின் விளக்கைச் சேர்த்தால் கேன்வாஸின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரியும், தூரிகைக்கு இரண்டு நிறங்களில் இரண்டு நிழல் விழும்.

இங்கே சன்னலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஓவிய அறைக்கு வடக்குச் சன்னல் வேண்டும் என்ற பழைய விதி ஐரோப்பாவின் அட்சரேகைகளில் உருவானது. அங்கே நடுப்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கிலேயே இருக்கும். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் இடைப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கிறது. ஆகவே அந்த மாதங்களில் வடக்குச் சன்னலிலும் வெயில் விழும். நம் ஊரில் வடக்குச் சன்னல் கிடைத்தவர்களும் கோடையில் மெல்லிய வெள்ளைத் திரை போட்டுக்கொள்ள வேண்டும். விளக்கைப் பற்றிய கவலையும் அவர்களுக்கு இல்லாமல் போய்விடாது.

எதைத் தேர்ந்தாலும் அறை முழுவதும் ஒரே எண் கொண்ட குழல்களாகவே இருக்கட்டும். ஒரு மூலையில் பழைய 765 குழல் எரிந்துகொண்டிருந்தால் நீங்கள் புதிதாக வாங்கிய 950-இன் பயன் பாதியாகிவிடும்.

மூன்றாம் படி: எத்தனை குழல்கள் வேண்டும்?

ஓவியக் கல்லூரிகளின் வரைகூடங்களுக்கு ஐரோப்பிய ஒளித்தரம் 750 லக்ஸ் வெளிச்சமும், தொண்ணூறுக்குக் குறையாத நிறக்காட்சித் தரமும், 5000 கெல்வினுக்குக் குறையாத நிறவெப்பநிலையும் வேண்டும் என்கிறது. அதையே நாமும் இலக்காக வைத்துக்கொள்ளலாம். லூமன் என்பது விளக்கு தரும் ஒளியின் அளவு; லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழும் லூமன்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான்.

நம் அறையின் பரப்பு ஏறத்தாழ 11 சதுர மீட்டர். அறை முழுவதற்கும் 750 லக்ஸ் என்றால் பரப்பின்மேல் 8250 லூமன் விழ வேண்டும். குழலிலிருந்து வெளிவரும் ஒளியில் ஏறத்தாழ பாதி சுவரிலும் கூரையிலும் ஃபிட்டிங்கிலும் போய்விடுகிறது. தூசி படிவதாலும் குழல் பழசாவதாலும் மேலும் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துக்கொண்டால் நூறு லூமனில் நாற்பதுதான் நம் கைக்கு வரும். அப்படியானால் 20,000 லூமனுக்கு மேல் தேவை. 36 வாட் 950 குழல் ஒன்று ஏறத்தாழ 2300 லூமன் தரும். ஒன்பது குழல் மாட்ட வேண்டியிருக்கும். சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் நிற்க முடியாது.

அவ்வளவும் தேவையில்லை. நீங்கள் நின்று வரையும் இடம், கேன்வாஸ், வண்ணத்தட்டு இவை அடங்கும் 2 மீட்டருக்கு 2 மீட்டர் பரப்புக்கு மட்டும் இந்த வெளிச்சம் இருந்தால் போதும். 4 சதுர மீட்டருக்கு 3000 லூமன் விழ வேண்டும். இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் 7500 லூமன். நான்கு குழல்கள் இதற்குப் போதும், சற்று மிஞ்சியும் இருக்கும். இரட்டைக் குழல் மாட்டும் ஃபிட்டிங் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறையின் மற்றப் பகுதிக்குச் சிதறிப் போகும் ஒளியே போதுமானது.

ஒரு செய்தியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமாக இருக்கக் கூடாது. அதே 36 வாட்டில் 865 குழல் 3250 லூமன் வரை தருகிறது. 9 வரிசைக் குழலை மாட்டியதும் அறை முன்பைவிட மங்கலாகத் தெரிவதும், கூடுதல் விலை கொடுத்து மட்டமான பொருளை வாங்கிவிட்டோமோ என்று மனம் சலிப்பதும் இயல்பு. நிறங்களை முழுமையாகக் காட்டுவதற்குக் கொடுக்கும் விலை அது. அதனால்தான் குழலின் எண்ணிக்கையைக் கூட்டுகிறோம்.

குழலின் பருமனையும் கவனிக்க வேண்டும். 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள பழைய குண்டுக்குழல் டி12, 26 மில்லிமீட்டர் டி8, 16 மில்லிமீட்டர் டி5. நாலடி டி8 குழல் 36 வாட். டி5 அதைவிட நீளத்தில் சற்றுக் குறைவு, முனையின் ஊசிகளும் நெருக்கமானவை. எனவே டி8 ஃபிட்டிங்கில் அது நேரடியாகப் பொருந்தாது. டி8 குழல் 25 பாகை செல்சியஸ் சூழலிலும் டி5 குழல் 35 பாகை சூழலிலும் முழு ஒளி தரும்படி வடிவமைக்கப்பட்டவை என்பதால் நம் ஊர் வெப்பத்துக்கு டி5 நன்றாகவே ஒத்துப்போகும். ஆனால் 9 வரிசைக் குழலைத் தேடும்போது டி8-இல்தான் கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம். எந்தக் குழல் கிடைக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஃபிட்டிங் வாங்குங்கள்.

நான்காம் படி: சோக்கு

பழைய செப்புக்கம்பிச் சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள ஃபிட்டிங்கில் குழல் நொடிக்கு நூறு முறை கூடிக் குறைந்து எரிகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இப்படி. கண்ணுக்கு அது தனியாகத் தெரியாவிட்டாலும் மூன்று மணி நேரம் உற்றுப் பார்த்து வரையும்போது தலைவலியாக வந்து சேரும். எலக்ட்ரானிக் சோக்கு நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் இயங்குவதால் ஒளி அசையாமல் நிற்கும். ரீங்காரம் இருக்காது, மின்னழுத்தம் தாழ்ந்த மாலை நேரத்திலும் குழல் சிமிட்டாமல் பற்றும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஐந்தாம் படி: எங்கே மாட்டுவது?

நல்ல குழலை வாங்கித் தவறான இடத்தில் மாட்டினால் எண்ணெய் வண்ணம் பூசிய பரப்பு முழுவதும் பளபளப்புதான் தெரியும், நிறம் தெரியாது. கூரையின் நடுவில் மின்விசிறிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் மின்இணைப்பில் மாட்டிவிடுவதுதான் வழக்கம். அது ஓவியருக்கு உதவாது.

இரண்டு ஃபிட்டிங்குகளையும் ஒன்றன் முனையில் இன்னொன்றாக நீட்டி வைத்து, எட்டடி நீள வரிசையாக, கேன்வாஸின் அகலத்துக்கு இணையாகத் தொங்கவிடுங்கள். 10 அடி அகல அறையில் அது பொருந்தும். அகலமான கேன்வாஸிலும் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரே அளவில் கிடைக்கும். தரையிலிருந்து 9 அடி உயரம், கேன்வாஸின் தளத்திலிருந்து மூன்றரை அடி முன்னால் என்பது நல்ல தொடக்கம். கேன்வாஸின் நடுப்பகுதி நாலரை அடி உயரத்தில் இருக்கிறது என்றால் ஒளி ஏறத்தாழ 50 பாகை சாய்வில் இறங்கும். ஐந்தடி உயரத்தில் கண் வைத்து, இரண்டரை அடி தள்ளி நிற்பவருக்குக் குழலின் பிரதிபலிப்பு கேன்வாஸ் தளத்தில் ஏறத்தாழ ஆறேமுக்கால் அடி உயரத்தில் விழும். மூன்றடி உயரக் கேன்வாஸின் மேல் விளிம்பு ஆறடியில் முடிந்துவிடுவதால் அந்தப் பளபளப்பு படத்துக்கு மேலே, வெற்றிடத்தில் போய்விடுகிறது. குழலை உங்கள் முதுகுக்குப் பின்னால் இன்னும் தள்ளி மாட்டினால் பளபளப்பு கீழிறங்கிப் படத்தை எட்டும், உங்கள் தலையின் நிழலும் படத்தின் மேல் விழும்.

கணக்குப் போடப் பிடிக்காதவர்கள் முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி ஒன்றை எடுத்துக் கேன்வாஸின்மேல் ஒட்டினாற்போல் வைத்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று பாருங்கள். கண்ணாடியை நான்கு மூலைகளுக்கும் நடுவுக்கும் நகர்த்துங்கள். எந்த இடத்தில் அதற்குள் குழல் தெரிகிறதோ அந்த இடத்தில் ஈர எண்ணெய் வண்ணம் பளபளக்கும். ஃபிட்டிங்கைக் கேன்வாஸ் பக்கமாக அரை அடி நகர்த்தியோ, ஓவியத் தாங்கியின் தலைப்பகுதியைச் சற்று முன்பக்கம் சாய்த்தோ அதைச் சரிசெய்யலாம். சுவரில் ஆணி அடிப்பதற்கு முன் ஃபிட்டிங்கைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

மின்விசிறி நம் அறைகளில் தவிர்க்க முடியாதது. விசிறியின் இலைகளுக்கு மேலே குழல் இருந்தால் கேன்வாஸ் முழுவதும் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும், பத்து நிமிடம் கூட வரைய முடியாது. குழல் விசிறியின் இலைமட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், அல்லது விசிறியின் வட்டத்திலிருந்து நன்றாக விலகி இருக்க வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் கூரை விசிறியை நிறுத்திவிட்டுச் சுவர் விசிறி வைத்துக்கொள்ளலாம்.

சுவரின் நிறமும் விளக்கின் ஒரு பகுதிதான். இளம்பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி இளம்பச்சையாகவே கேன்வாஸுக்கு வந்து சேரும். கேன்வாஸைச் சுற்றியுள்ள சுவர்களுக்காவது பளபளப்பில்லாத வெள்ளையோ சாயலற்ற இளஞ்சாம்பலோ அடித்துக்கொள்ளுங்கள். ஃபிட்டிங்கில் பிளாஸ்டிக் மூடி இருந்தால் அது மஞ்சளாகிவிட்டதா என்று பாருங்கள். மஞ்சளான மூடிக்குப் பின்னால் எந்தக் குழலை மாட்டினாலும் மஞ்சள் விளக்குதான்.

எதிரில் பொருள்களை அடுக்கி வைத்தோ ஆளை உட்கார வைத்தோ வரைபவர்கள் அந்தப் பக்கத்துக்கு வேறு விளக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நீண்ட குழல்களின் ஒளி மென்மையாகப் பரவுவதால் பொருளின் நிழல்கள் கரைந்து உருவத்தின் திரட்சி குறைந்து தெரியும். படத்துக்கு அது நல்லது, மாதிரிக்கு அது கூடாது. மாதிரிக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழும்படி தனி விளக்கும் தனி சுவிட்சும் அமைத்துக்கொள்ளுங்கள். அது கேன்வாஸின்மேல் விழாதபடி மறைப்பும் இருக்கட்டும்.

ஆறாம் படி: மாட்டிய விளக்கைச் சோதித்துப் பாருங்கள்

புதிய குழலின் ஒளி நிலைப்பட நூறு மணி நேரம் வரை ஆகும். ஒவ்வொரு நாளும் போட்ட பிறகு முழு வெளிச்சம் வரச் சில நிமிடங்கள் ஆகும். எனவே சோதனையை மாட்டிய அன்றே செய்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

எளிய சோதனை ஒன்று பழைய சி.டி. தட்டை வைத்துச் செய்வது. அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, தட்டின் மினுக்கும் பக்கத்தில் குழலின் பிரதிபலிப்பைச் சாய்த்துப் பாருங்கள். 8 வரிசைக் குழல் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனித்தனிக் கோடுகள் தெளிவாகப் பிரிந்து நிற்கும், நடுவில் இருட்டு தெரியும். 9 வரிசைக் குழலில் அந்தக் கோடுகள் இருந்தாலும் இடைவெளிகள் பெருமளவு நிரம்பியிருக்கும். ஒருமுறை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவருக்குச் சி.ஆர்.ஐ. என்றால் என்ன என்பதை வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் உறுதியான சோதனையை வண்ணத்தில்தான் செய்ய வேண்டும். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் டைட்டானியம் வெள்ளையோடு கலந்து ஒரு நடுத்தரச் சாம்பல் உண்டாக்கி ஒரு தடித்த தாளில் பூசுங்கள். அதை ஒட்டி, ஐவரி கறுப்பையும் வெள்ளையையும் கலந்து இன்னொரு சாம்பலைப் பூசி, தேவையான நிறங்களைத் துளித் துளியாகச் சேர்த்து, உங்கள் விளக்கின் கீழ் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாதபடி கொண்டுவந்துவிடுங்கள். வண்ணம் காய்ந்த பிறகு, காலை பத்து மணிவாக்கில் வெயில் நேராக விழாத சன்னலருகே தாளைப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே தெரிந்தால் உங்கள் விளக்கை நம்பலாம். ஒன்று பழுப்பாகவோ நீலமாகவோ விலகித் தெரிந்தால், இரவெல்லாம் நீங்கள் கலக்கும் நிறங்களும் அதே அளவு விலகிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அதே தாளின் கீழ்ப்பகுதியில் காட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்சன், எல்லோ ஆக்கர், கோபால்ட் நீலம், நீங்கள் வழக்கமாகக் கலக்கும் தோல்நிறம் ஆகியவற்றையும் பூசி வைத்துக்கொண்டால் அடுத்த முறை குழல் வாங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

படத்தை முடித்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன் சாதாரண மஞ்சள் விளக்கின் கீழும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாங்குபவரின் கூடத்திலோ படுக்கையறையிலோ 3000 கெல்வினை ஒட்டிய விளக்குதான் பெரும்பாலும் இருக்கும். நீலங்கள் அடங்கி, சிவப்பும் மஞ்சளும் முன்னால் வரும். அங்கேயும் படம் நிற்கிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது, ஆனால் அந்த விளக்குக்காக நிறத்தை மாற்றாதீர்கள்.

எங்கே கிடைக்கும், இன்னும் எத்தனை நாள் கிடைக்கும்?

தெருமுனைக் கடையில் 9 வரிசைக் குழல் இருக்காது. பிலிப்ஸ், ஓஸ்ராம் போன்ற நிறுவனங்கள் இவ்வகைகளைத் தயாரித்திருக்கின்றன. பெரிய மொத்த விற்பனையாளரிடம் எண்ணைச் சொல்லித் தருவித்துக்கொள்ள வேண்டும். வேறு இரண்டு வழிகளும் உண்டு. சிவகாசி அச்சகங்களில் அச்சுத்தாளின் நிறத்தைச் சரிபார்க்க 5000 கெல்வின் குழல்களைப் பயன்படுத்துகிறார்கள். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களில் துணியின் சாயத்தை ஒப்பிடும் விளக்குப்பெட்டிகளுக்கு 6500 கெல்வின் டி65 குழல் வாங்குகிறார்கள். இவ்விரு தொழில்களுக்கும் பொருள் விற்பவர்களிடம் உயர்ந்த நிறக்காட்சித் தரமுள்ள குழல்கள் கிடைக்கும். விளக்குப்பெட்டிக் குழல்கள் பெரும்பாலும் இரண்டடி நீளம் என்பதால் ஃபிட்டிங்கை அதற்கேற்ப வாங்க வேண்டும். அதே பெட்டியில் டிஎல்84 என்ற குழலும் இருக்கும். அது கடை வெளிச்சத்தில் துணி எப்படித் தெரியும் என்று பார்ப்பதற்கான 4000 கெல்வின் 8 வரிசைக் குழல், நமக்கு வேண்டியதல்ல.

பாதரசம் கலந்திருப்பதால் இந்தக் குழல்களின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டில் பொதுப் பயன்பாட்டு டி5, டி8 குழல்களைச் சந்தைக்கு விடுவதை நிறுத்தியது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, பொது வெளிச்சத்துக்கான நீள்குழல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவதென்று முடிவெடுத்தன. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. ஏற்கெனவே நல்ல ஃபிட்டிங் உள்ளவர்கள் ஒரு முழு மாற்றுத் தொகுதியை, அதாவது நான்கு குழல்களை, இப்போதே வாங்கி உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பயன்படுத்தாத குழல் பல ஆண்டுகள் கெடாது. இனிமேல்தான் முதன்முதலாக அறை அமைக்கிறவர்கள், 9 வரிசைக் குழல் எளிதில் கிடைக்காவிட்டால், எல்.இ.டி. குழலுக்குப் போவதே அறிவுடைமை. மேலே சொன்ன அளவுகள் அனைத்தும் அதற்கும் அப்படியே பொருந்தும்: தொண்ணூறுக்கு மேல் சி.ஆர்.ஐ., நல்ல ஆர்9, 5000 அல்லது 6500 கெல்வின், துடிப்பில்லாத டிரைவர் (எல்.இ.டி.க்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் கருவி). கடைகளில் கிடைக்கும் சாதாரண எல்.இ.டி. குழல் எண்பது சி.ஆர்.ஐ. அளவிலேயே நிற்கிறது என்பதால் அங்கேயும் எண்ணைக் கேட்டே வாங்க வேண்டும். பழைய ஃபிட்டிங்கில் எல்.இ.டி. குழலை மாட்டும்போது பெரும்பாலும் சோக்கு இணைப்பை மாற்ற வேண்டியிருக்கும், அதை மின்பணியாளரிடமே விட்டுவிடுங்கள்.

பராமரிப்பும் அப்புறப்படுத்தலும்

குழலை அடிக்கடி அணைத்துப் போடுவது அதன் ஆயுளைக் குறைக்கும்; தேநீர் குடிக்கப் போகும் பத்து நிமிடத்துக்காக அணைக்க வேண்டாம். மாட்டிய மாதத்தையும் ஆண்டையும் குழலின் முனையில் பேனாவால் எழுதி வையுங்கள். முனைகள் கறுத்துவிட்டாலோ வெளிச்சம் குறைந்துவிட்டாலோ நான்கையும் ஒருசேர மாற்றுங்கள், ஏனென்றால் பழைய குழலும் புதிய குழலும் ஒரே எண் கொண்டவையாயினும் ஒரே நிறத்தில் எரிவதில்லை. மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்து, குழல் ஆறிய பிறகு உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்துவிடுங்கள். குழலிலிருந்து சிறிதளவு புறஊதாக் கதிர் கசிவதால், முடித்த நீர்வண்ணப் படங்களை இந்த வரிசைக்குக் கீழே மாதக்கணக்கில் மாட்டி வைக்காதீர்கள். அலிசரின் போன்ற எளிதில் வெளிறும் வண்ணங்கள் முதலில் போய்விடும்.

குழல் உடைந்துவிட்டால் விசிறியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து வைத்து, கால் மணி நேரம் எல்லாரும் அறையை விட்டு வெளியே இருங்கள். துடைப்பத்தாலோ வாக்யூம் கிளீனராலோ கூட்டினால் பாதரசமும் தூளும் காற்றில் பரவும். தடித்த அட்டையால் துண்டுகளை அள்ளி, ஈரத்தாளால் தரையைத் துடைத்து, அனைத்தையும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடுங்கள். உடையாத பழைய குழலையும் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. பாதரச விளக்குகள் இந்தியாவின் மின்கழிவு விதிகளுக்குள் வருபவை என்பதால், புதிய குழல் வந்த அட்டையிலேயே பழையதைப் போட்டுக் கட்டி, மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.